வாத்தியாரின் வயிற்றுவலி

அரியலூரில் சயன்ஸ் வாத்தியார் அய்யம்பெருமாளுக்கு வயிற்றில் ஏதோ பெரிய கோளாறு என்று ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் அவன் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறுவான். டிரைவருக்குப் பின்னால் ஆட்டம் குறைந்த சீட்டாகப் பார்த்து உட்காருவான். இரண்டு கைகளாலும் வயிற்றை அணைத்துப் பிடித்துக்கொள்வான். வண்டி பள்ளத்தில் இறங்கினால் நிறைமாசக்காரி மாதிரி முகம் வெளிறும். பெரம்பலூரில் அவன் இறங்குவது ஆஸ்பத்திரி வாசலில். அதிலும் போய் நிற்பது பொம்பளை டாக்டரின் அறையில். ஆம்பளை டாக்டர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்ட கேஸ் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். வயது முப்பதைத் தாண்டியும் அவனுக்குப் பெண் கொடுக்க ஒருத்தரும் வாசல் ஏறாததற்கு அவன் முகம் பாதிக் காரணம் என்றால், இந்த வயிறு மீதிக் காரணம்.

அது சண்டைக்காலம். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் ஆளுயர அடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். அதில் கரி புகையும். அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு இன்ஜின் இருமி இருமி நகரும். மருதையாற்றுப் பள்ளத்தில் ஆசையாக இறங்கும். ஏற மட்டும் மாட்டேன் என்று நின்றுவிடும். ஆம்பளைகள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். அய்யம்பெருமாள் இறங்கமாட்டான்.

"நீங்க குந்துங்க வாத்தியாரய்யா," என்று கண்டக்டர் உத்திராபதியே சொல்லிவிடுவான். "நோவாளி எறங்கித்தான் இந்த வண்டி ஏறணும்னா அது ஏறவே வாணாம்."

தள்ளுகிறவர்களில் எவனாவது முணுமுணுத்தால் அவனுக்கும் ஒரு பதில் வைத்திருப்பான். "ஒனக்கும் வவுத்துல அப்படி ஒண்ணு வரட்டும், ஒன்னையும் குந்த வெக்கிறேன். வேணுமா?"

வயிற்றில் ஒன்று இருந்தது உண்மைதான். வேட்டிக்கு உள்ளே, வெறும் தோலோடு ஒட்டி, அக்காவின் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிய தகர டப்பா. டப்பாவுக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் நடுவில் குழி வைத்த இரண்டு கண்ணாடித் தகடுகள். குழியை மூடி மெழுகால் ஒட்டிய மெல்லிய கண்ணாடிச் சில்லு. அந்தச் சில்லின் அடியில், கூரையில் தொங்கும் மழைத்துளிபோல ஒரு துளி. துளிக்குள் கேழ்வரகில் கால்வாசி இருக்கும் ஒரு துண்டு. இரண்டு நாள் அடைகாத்த முட்டையை உடைத்து, கோழிக்குஞ்சின் முதுகுத்தண்டாக ஆகியிருக்க வேண்டிய மெல்லிய குழாயிலிருந்து அவன் ஊசிமுனையால் நறுக்கி எடுத்தது. அது உயிரோடிருந்தது. தொடர்ந்து உயிரோடிருக்க வேண்டுமானால் அதற்குக் கோழியின் வயிற்றுச் சூடு வேண்டும். கோழியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம், அரியலூர் பஸ்ஸில் கோழி ஏறாத நாள் கிடையாது. ஆனால் கோழி சம்மதிக்காது. ஆகவே கோழி பார்க்க வேண்டிய வேலையை அய்யம்பெருமாளின் வயிறு பார்த்தது. வாழ்க்கையில் அவன் வயிறு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு மதராஸில் பிடித்தது. அங்கே ஒரு காலேஜில், கருவிலிருந்து எடுத்த துண்டை உடம்புக்கு வெளியே வளர்க்கும் வித்தையை ஒரு புரொபசர் செய்துகொண்டிருந்தார். அய்யம்பெருமாள் அவருக்குக் கண்ணாடி கழுவிக் கொடுக்கப் போனவன். கழுவிய கண்ணாடி வழியாக ஒருநாள் பார்க்கவும் செய்தான். அதோடு தொலைந்தான். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டிய வருஷம் அந்த லாபரட்டரியும் மூட்டை கட்டியது. எல்லாரும் தங்கள் பெட்டியில் வெள்ளிச்சாமானை எடுத்துக்கொண்டு ஓட, இவன் குழிக்கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

அவன் பார்த்தது இதுதான். அந்தத் துண்டைத் துளிக்குள் வைத்து ஒரு நாள் போனால், அதன் ஓரத்திலிருந்து செல்கள் ஒவ்வொன்றாக வெளியேறத் தொடங்கும். மெல்லிய விரலொன்றை முன்னால் நீட்டி, அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை இழுத்து, மறுபடி விரலை நீட்டி. கண் கிடையாது, காது கிடையாது, வழி சொல்ல ஆள் கிடையாது. முட்டைக்குள்ளும் அவை இப்படித்தான் முதுகிலிருந்து கிளம்பி, உடம்பெல்லாம் நடந்து, ஒன்று குடலில் நரம்பாகப் போய் உட்காரும், இன்னொன்று இறகில் கறுப்பு நிறமாகப் போய் உட்காரும். பிறந்த இடத்தை விட்டு அது ஏன் போகிறது? எதையோ தேடிப் போகிறதா, இல்லை கூட்டத்தின் நெருக்கடி பொறுக்காமல் விலகிப் போகிறதா? அய்யம்பெருமாள் தேடிப் போகிறது என்ற கட்சி. ஆதாரம் கிடையாது. மனசு அப்படி.

அரியலூரில் மற்றதெல்லாம் கிடைத்தது. முட்டைக்கும் அடைக்கோழிக்கும் அக்கா கலியம்மாள் இருந்தாள். புருஷன் செத்தபின் தம்பியோடு வந்து, கோழி வளர்த்து, தம்பியையும் வளர்த்துக்கொண்டிருந்தவள். அவளுடைய சேவலின் இறக்கை நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெழுகு பூசிய குழாயில் விட்டு, கவிழ்த்து வைத்த சைக்கிள் சக்கரத்தின் கம்பியில் கட்டிச் சுற்றினால், சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரில் ஒரு துளிதான் துண்டுக்கு வீடு. அண்டை அயலார் இதையும் வயிற்றுவலிக்கு மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். கிடைக்காதது மைக்ராஸ்கோப் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் இருந்த பூதக்கண்ணாடி தலைமை வாத்தியார் பஞ்சாங்கம் பார்க்கத்தான் உதவும்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் அமிர்தவல்லியிடம் சொந்த மைக்ராஸ்கோப் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் போய் நின்றான். அவள் மலேரியா ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைவிட ஒன்றிரண்டு வயது இளையவளாக இருக்கலாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"கோழிக் கருவா? மனுசக் கருவையே நின்னு பாக்க நேரமில்லாம ஓடிக்கிட்டிருக்கேன் சார். சரி, வைங்க, பாப்போம்."

அப்படி ஆரம்பித்ததுதான். ஜன்னலோரம் மேஜை. வெயிலைக் கண்ணாடியில் திருப்பி அவன் தகட்டை வைத்துப் பார்ப்பான். பார்த்ததைக் காகிதத்தில் வரைவான். நோயாளிகளுக்கு நடுவே அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள், குனிவாள், ஏதாவது கேட்பாள்.

"போன தடவை இதுங்க இவ்வளவு தூரம் போகலையே?"

"வர்ற வழியில நடந்துருக்குங்க."

"பஸ்லயா?"

"ஆமாங்க. ஆத்துல எல்லாரும் எறங்கித் தள்ளுறப்ப இதுங்க உள்ளேயே நடந்துருக்கும். எங்க ஊரு வண்டிய நம்புற ஆளுங்க இல்லைங்க இதுங்க."

அவள் சிரிக்கும்போது கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கையால் பிடித்துக்கொள்வாள், சிரிப்பில் அது விழுந்துவிடும் என்பதுபோல. அதற்குள் ஆயா வந்து கதவில் நிற்பாள். "அம்மா, செட்டிகொளத்துக்காரிக்கு வலி கண்டுருச்சு." போய்விடுவாள். சில வாரம் திரும்பி வருவாள். சில வாரம் அவன் டப்பாவைக் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை வரமாட்டாள். அப்படி அவள் பக்கத்தில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் டெண்டுக் கொட்டகையில் ஒரு இடைவேளைக்குக் காணாது.

சொல்லிவிட வேண்டியதுதான்: பெரம்பலூருக்குப் போவது செல்களைப் பார்க்க என்று அய்யம்பெருமாள் கொஞ்ச காலம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு சனிக்கிழமை டப்பாவைத் திறந்தால் இரண்டு துளியும் காய்ந்து செத்துக் கிடந்தன. மெழுகு சரியாக ஒட்டவில்லை. ஆராய்ச்சிக்காரனுக்கு வயிறு எரிய வேண்டும். அவனுக்கு எரியவில்லை. அவள் வந்து, "அடடா, இவ்வளவு தூரம் சொமந்து வந்தீங்களே," என்றபோது அவனுக்கு ஏற்பட்டது சந்தோஷம். அன்றைக்குத்தான் தன் வயிற்றில் உள்ள கோளாறு உண்மையானதுதான் என்று அவன் கண்டுகொண்டான்.

ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. செல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவான். அதை நிறுத்திவிட்டு அடுத்த வாக்கியம் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை, அடுத்த சனிக்கிழமை இருக்கிறதே என்று நினைப்பான். அடுத்த சனிக்கிழமை என்பது அவனுக்கு ஏற்ற கிழமை.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலையில், உத்திராபதி பெரிய கம்பளி மூட்டையொன்றைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் தர்மம் செய்தவனின் களை.

"வாத்தியாரய்யா, இனிமே நீங்க அந்தப் பாழாப்போன வண்டியில வதபட வாணாம்."

"என்னப்பா இது?"

"டாக்டரம்மா குடுத்துவிட்டாங்க. நாந்தான் சொன்னேன். 'அம்மா, அந்த மனுசன் வவுத்தப் புடிச்சிக்கிட்டு வாரா வாரம் வராரு, மருதையாத்துல குலுங்குற குலுக்குல ஒருநாள் உசுரு போயிரும், மருந்தக் குடுத்து வூட்டோட இருக்கச் சொல்லுங்க'ன்னு. அவங்க ரொம்ப நேரம் சிரிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சுக் கூப்புட்டு இதக் குடுத்து, 'பத்தரமா சேத்துரு, இனிமே அவரு இங்க அலைய வேண்டியதில்ல'ன்னு சொன்னாங்க."

மூட்டையைப் பிரித்தால் மைக்ராஸ்கோப். பித்தளைக் குழாய் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது.

"ஆகா," என்றான் அய்யம்பெருமாள். உத்திராபதியின் கழுத்தை நெரிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அந்தக் கழுத்தின் மேலிருந்த முகத்துக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தான்.

"ஏண்டா பெருமாளு, மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?" என்றாள் கலியம்மாள். "ரெண்டு வருசமா இந்தக் கழுதைக்குத்தான அலைஞ்ச?"

"சந்தோசந்தான்க்கா."

"சந்தோசம் வந்தா மொகம் இப்படியா ஆவும், நான் பாத்ததில்ல."

அதன்பின் அவனுக்கு எல்லாம் வாய்த்தது. மைக்ராஸ்கோப்பைச் சுற்றி மரப்பெட்டி அடித்து, உள்ளே சின்ன மண்ணெண்ணெய் விளக்கு வைத்துச் சூடு காட்டினான். இனி வாரத்தில் ஒருநாள் எட்டிப் பார்ப்பது இல்லை, எந்நேரமும் பார்க்கலாம். கருங்கோழி முட்டையிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளை ஒரே துளிக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைத்தான். தேடிப் போகிறது என்றால் இந்தத் துண்டின் செல் அந்தத் துண்டை நோக்கிப் போக வேண்டும் அல்லவா? அவை போகவில்லை. நெருக்கமான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு விலகி விலகிப் போயின. கூட்டத்தை விட்டு வெகுதூரம் போய்த் தனியாக மாட்டிக்கொண்ட ஒன்று மட்டும் விரலை நீட்டும், மடக்கும், இருந்த இடத்திலேயே இருக்கும். அய்யம்பெருமாளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மதராஸில் அந்தப் புரொபசர் கூட இவ்வளவு நேரம் இதைப் பார்த்திருக்கமாட்டார். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளிடம் போக அவனிடம் காரணம் இல்லை. இருந்த காரணத்தைத்தான் கம்பளியில் சுற்றி அனுப்பிவிட்டாளே.

மைக்ராஸ்கோப்பில் ஏதாவது ஒரு திருகைக் கழற்றி, ரிப்பேர் என்று எடுத்துப் போகலாமா என்றுகூட யோசித்தான். திருகில் கை வைத்தான். அவள் துடைத்த பித்தளை. கையை எடுத்துவிட்டான்.

சனிக்கிழமைகள் அவனைக் கேட்காமல் வந்து போயின. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சோறு இறங்கவில்லை. ஊர் இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தது கடைசியில் பலித்தது: வாத்தியாருக்கு வயிற்றில் கோளாறு.

ஒரு சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் போய் பஸ்ஸில் ஏறினான். டப்பா இல்லாத வயிறு லேசாக, அநாதையாக இருந்தது. உத்திராபதிக்கு அவனைக் கண்டதில் பரம சந்தோஷம்.

"தேவலையாப் போச்சு போல. கைய வீசிக்கிட்டு வரீங்க."

"தேவலைப்பா."

"அப்ப ஆத்துல எறங்குங்க."

இரண்டு வருஷப் பாக்கியையும் சேர்த்து அன்றைக்கே தள்ளவைத்தார்கள். கரி அப்பிய சட்டையோடு பெரம்பலூரில் போய் இறங்கினான். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தான். செல் என்ற வார்த்தையே அதில் கிடையாது. டாக்டர் அறை பூட்டியிருந்தது. ஆயாதான் இருந்தாள்.

"அம்மா வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கஷ்ட கேஸுக்குப் போயிருக்காங்க, எப்ப வருவாங்களோ. ஒங்களுக்குத் தெரியுமில்ல? அம்மா பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. வடக்க, அஸ்ஸாமோ என்னமோ சொன்னாங்க. வர்ற வெள்ளிக்கெழம ஒங்க ஊர்லதான் ரயிலு."

ஜன்னலோர மேஜையில் மைக்ராஸ்கோப் இருந்த இடத்தில் மருந்துப் புட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் யாரும் சொல்லாமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை ஆற்றில் உத்திராபதி அவனை இறங்கச் சொல்லவில்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. மதராஸ் பக்கம் போகிற யாரும் அரியலூருக்கு வந்துதான் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை அய்யம்பெருமாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றான். அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடும் படுக்கைச் சுருணையோடும் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அவனைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை.

பட்டாள ஸ்பெஷல் ஒன்று வரப் போகிறது, அது போனபிறகுதான் பாசஞ்சர் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். எப்போது போகும் என்று கேட்டதற்கு, சண்டை எப்போது முடியும் என்று கேட்டதுபோல அவர் பார்த்தார்.

"வூடு பக்கந்தாங்க," என்றான் அய்யம்பெருமாள். "ஸ்பெஷல் சத்தம் அங்க நல்லாவே கேக்கும். அது போனதும் வந்துரலாம். செல்லுங்களப் பாத்துட்டு..."

"அதப் பாக்கணும்னுதான் நெனச்சேன்," என்றாள்.

மரப்பெட்டிக் கதவைத் திறந்து, முற்றத்து வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கொடுத்தான். அவள் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைமுடியில் ஏற்றிவிட்டுக் குனிந்தாள். திருகை நிதானமாகத் திருப்பினாள். கதவில் வந்து நிற்க ஆயா இல்லை. செட்டிகுளத்தில் யாருக்கு வலி கண்டாலும் இங்கே கேட்காது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கறுத்துருச்சே," என்றாள், கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்க. வெளிய வந்து ரொம்ப நாளானதுங்க எல்லாம் கறுப்பாயிருச்சு. முட்டைக்குள்ள இருந்திருந்தா எறகுக்குப் போயிருக்கும்."

"ரெண்டு துண்டுக்கும் நடுவுல ஒண்ணையுங் காணமே. தேடிப் போகுதுன்னு சொன்னீங்க?"

"தள்ளித்தாங்க போகுது," என்றான் அய்யம்பெருமாள். தோற்ற வக்கீலின் குரல். "நெருக்கம் புடிக்காமப் போகுது போல. நான் நெனச்சது தப்பு."

அப்போதுதான் கலியம்மாள் காபியோடு வந்தாள். வந்தவளுக்கு ஒரு டாக்டர் வீட்டுக்குள் நிற்பதைச் சும்மா விட மனம் வரவில்லை.

"தாயி, கையோட இவன் வவுத்தையும் அமுக்கிப் பாத்துட்டுப் போயிருங்க. சோறே திங்கறதில்ல."

"அக்கா, சும்மா இரு."

"நீ படுடா."

அவன் மரியாதையாகப் பெஞ்சில் படுத்தான். வேறென்ன செய்வான்? அமிர்தவல்லி மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டாக்டர் முகத்தோடு அவன் வயிற்றில் விரல்களை வைத்தாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

"எத்தனை நாளா இப்படி?" என்று கலியம்மாளைக் கேட்டாள்.

"அந்த மிசினு வந்ததுலேருந்து தாயி. அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்தான். ஊருதான் நோவுன்னு சொல்லிச்சு, எனக்குத் தெரியாதா? சனிக்கெழம ஆனா தலை முழுகுவான், சட்டைய இஸ்திரி போடுவான், கண்ணாடி முன்னாடி நிப்பான். டப்பாவக் கட்டிக்கிட்டு மாப்புள மாதிரி சிரிச்ச மொகமாப் போவான். ராத்திரி வந்து, டாக்டரம்மா இது சொன்னாங்க, அது சொன்னாங்கன்னு சோத்த ரெண்டு தரம் வாங்கித் திம்பான். இப்ப மிசினு வூட்லயே இருக்கு. சனிக்கெழம ஆனா செவுத்தப் பாத்துப் படுத்துக்கறான். இது என்ன நோவுன்னு எனக்கு வெளங்கல. நீங்கதான் படிச்சவங்க."

விரல்கள் வயிற்றின் மேல் அப்படியே நின்றுவிட்டன. அய்யம்பெருமாள் கூரையின் ஓடுகளைப் பார்த்தான். தயார் செய்து வைத்த வாக்கியம் ஒன்று அவனிடம் இருந்தது. அதைவிட நன்றாக அக்கா சொல்லி முடித்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள் அமிர்தவல்லி. "சாப்புடுவாரு."

கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கொல்லையில் சேவல் எதற்கோ கத்த, கலியம்மாள் அதைத் திட்டிக்கொண்டே போனாள்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் மைக்ராஸ்கோப்பின் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"மொத வாரமே இத உங்ககிட்ட குடுத்துருக்கலாம் சார். மலேரியா சிலைடு பாக்க ஆஸ்பத்திரியில இன்னொண்ணு இருக்கு. உத்திராபதி வந்து சொன்னப்பறந்தான் தோணுச்சுன்னு இல்ல. மொத நாளே தோணுச்சு."

"அப்பறம்?"

"குடுக்கல."

அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டவில்லை. ஆச்சரியம்தான். "போகாம இருக்க முடியாதுங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"கையெழுத்துப் போட்டாச்சு. அங்க ஆளில்ல, பசங்க கெடந்து சாகுறாங்கன்னாங்க. மாசியில கேட்டாங்க. சனிக்கெழம வரட்டும், அப்பறம் சொல்றேன்னு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்." கொஞ்சம் சிரித்தாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாததால் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. "அந்தச் சனிக்கெழம நீங்க வந்து, மெழுகுல எத்தனை பங்கு வாசலின் கலக்கணும்னு சொன்னீங்க."

அய்யம்பெருமாளுக்கு அந்தச் சனிக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. மெழுகைப் பற்றி அவன் அன்றைக்கு மிகவும் அழகாகப் பேசியிருந்தான்.

"நான் ஒரு மடையனுங்க."

"எனக்கும் வாய் இருந்துச்சே," என்றாள்.

ஸ்பெஷல் நிற்காமல் போகும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது, நீளமான வண்டி. வீட்டின் ஓடுகள் அதிர்ந்தன. அது ஓய்ந்தபின் இருவரும் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

பாசஞ்சரில் பொம்பளைகள் வண்டி நிரம்பி வழிந்தது. எப்படியோ உள்ளே ஏறி, ஜன்னலுக்கு வந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்ப வருவேன் என்று அவள் சொல்லவில்லை. போகிற இடம் அப்படிச் சொல்ல விடுகிற இடமில்லை. காத்திருக்கிறேன் என்று அவனும் சொல்லவில்லை. அது அவன் முகத்தில் ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த ஒரு கிழவி அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தள்ளித்தான் போகுதுன்னு முடிவு கட்டிராதீங்க," என்றாள் அமிர்தவல்லி. வண்டி அசைந்தது. "இன்னும் நாலு முட்டையப் பாருங்க."

"பாக்கறேங்க."

"சாப்புடுங்க."

அதற்கும் தலையாட்டினான். வண்டி செந்துறைப் பக்கம் வளைந்து, புகை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. மரப்பெட்டியின் கதவு திறந்தபடியே கிடந்தது. விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, வழக்கம்போல மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். எல்லாம் கலங்கலாக இருந்தது. துண்டு எது, செல் எது என்று தெரியவில்லை. பால் கலந்த வெளிச்சத்தில் கறுப்பு நிழல்கள் அங்கங்கே நின்றன. துளி கெட்டுவிட்டதோ என்று திடுக்கிட்டான். பிறகு புரிந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் கண்ணுக்குத் தக்கபடி திருகை வைத்திருந்தாள். தொட்டவர் யாருமில்லை, அப்படியே இருந்தது.

அவன் கண்ணுக்கு வேண்டுமானால் கால் சுற்று திருப்பினால் போதும். விரல் திருகுவரை போயிற்று. இன்றைய படம் இன்னும் வரையவில்லை. காலையிலிருந்து அவை எவ்வளவு தூரம் நடந்திருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

கலியம்மாள் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா தெரியுது?"

"ஒண்ணுந் தெரியலக்கா."

"பின்ன என்னத்த பாத்துக்கிட்டே இருக்க?"

அவன் வெயில் முற்றத்தை விட்டு ஏறிப் போகும்வரை அந்தக் கலங்கலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய், ரயில் ஜன்னலில் இருந்தவளுக்குத் தலையாட்டியதற்காக, சோற்றை முழுக்கச் சாப்பிட்டான்.